பச்சைப் படகில் ஒரு பாடசாலை

(தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு)



1867-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பிரான்சு தேசத்தின் தென்கடற்கரையிலுள்ள கான் நகரில் குளிர்காலத்தைக் கழிக்க வந்திருந்த ஓர் ஆங்கிலேய ஓவியர், அங்கே தங்கியிருந்த தம் நண்பரும் எழுத்தாளருமான ஜான் ஆடிங்டன் சைமண்ட்ஸின் மூன்று வயதுகூட நிரம்பாத பெண் குழந்தையை மகிழ்விக்கும் பொருட்டு ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். ஓர் ஆந்தையும் ஒரு பூனையும் படகேறிக் கடல் கடந்து போய் மணம் செய்துகொண்ட கதை அது. ஓவியரின் பெயர் எட்வர்ட் லியர். மூன்றே செய்யுட்களாலான அந்தப் பாட்டு 1870-இல் அமெரிக்கச் சிறுவர் பத்திரிகையொன்றில் அச்சேறி, அவ்வாண்டின் இறுதியில் லண்டனில் வெளிவந்த அவருடைய நூலிலும் இடம்பெற்று, ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் மனப்பாடம் செய்யும் பாட்டாக நிலைபெற்றுவிட்டது. அந்த ஒரு பாட்டையும், அதனோடு பிறந்த சில பாட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் குழந்தைகளுக்கு என்னென்ன கற்பிக்கலாம், அதைவிட முக்கியமாக எதை எதைக் கற்பிக்க முற்படக்கூடாது என்பதைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேசலாம் என்று எண்ணுகிறேன்.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டாணிப் பச்சை நிறப் படகொன்றில் ஆந்தையும் பூனையும் புறப்படுகின்றன. தேனும், ஐந்து பவுன் நோட்டில் சுற்றிய ஏராளமான பணமும் உடன் செல்கின்றன. நட்சத்திரங்களை அண்ணாந்து பார்த்து ஆந்தை சிறு கித்தாரை மீட்டிக் காதல் பாடுகிறது. அந்தப் பாட்டில் உருகிய பூனை, இனியும் தாமதிப்பானேன், மணம் செய்துகொள்வோம் என்கிறது; ஆனால் மோதிரத்துக்கு என்ன செய்வது? ஓராண்டும் ஒரு நாளும் கடலில் சென்று, பாங் மரம் வளரும் நாட்டை அடைந்து, அங்கே காட்டில் மூக்கில் வளையத்தோடு நின்ற பன்றியைக் கண்டு, ஒரு ஷில்லிங்குக்கு அவ்வளையத்தை விலைக்கு வாங்கி, மறுநாள் குன்றின்மேல் வாழும் வான்கோழியைப் புரோகிதராகக் கொண்டு விவாகம் முடித்து, கொத்துக்கறியும் குவின்ஸ் பழத் துண்டுகளும் 'ரன்சிபிள்' கரண்டியால் உண்டு, கடற்கரை மணலில் நிலா வெளிச்சத்தில் கைகோத்து ஆடுகின்றன. இவ்வளவே கதை. அபத்தப் பாட்டு என்று இவ்வகைக்குப் பெயர் சொல்கிறோம்.

அந்தப் பெயரைக் கேட்டதுமே பெரியவர்கள் பலருக்கு ஓர் அச்சம் எழுவது இயல்பு. ஆந்தை பூனையை மணக்கும், பன்றி வியாபாரம் செய்யும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தால், உலகத்தை இப்போதுதான் அறியத் தொடங்கியிருக்கும் இளஞ்சிசுவின் மனத்தில் மெய்யும் பொய்யும் கலந்து குழம்பிவிடாதோ என்பது அவர்களுடைய கவலை. இக்கவலை கல்வி உலகில் பெரும் விவாதமாகவே வெடித்ததுண்டு. 1928-இல் ருஷ்ய நாட்டில், லெனினின் மனைவியும் கல்வித் துறையில் பெரும் அதிகாரம் வகித்தவருமான குரூப்ஸ்காயா அம்மையார், கர்னேய் சுகோவ்ஸ்கி என்னும் கவிஞர் குழந்தைகளுக்காக எழுதிய முதலைப் பாட்டைப் 'பிராவ்தா' பத்திரிகையிலேயே கண்டித்து எழுதினார். சுகோவ்ஸ்கி அதனால் மிகவும் துன்புற்றார்; ஆனால், குழந்தைகளின் பேச்சைப் பல ஆண்டுகள் கவனித்துக் குறித்து, 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்ற தலைப்பில் நிலைபெற்றுவிட்ட நூலில், அக்கண்டனத்துக்கு நிகரற்ற ஒரு விடையை உலகுக்கு அளித்தார்.

அவருடைய மகளுக்கு இரண்டு வயது நிரம்புவதற்கு முன் ஒரு நாள், அவள் தந்தையிடம் ஓடி வந்து, நாய் பூனையைப்போல் கத்துகிறது என்று தன் மழலையில் சொல்லிவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கலகலவென்று சிரித்தாளாம். முதலில் அவர் திருத்த முயன்றார். பிறகு குழந்தையின் கண்ணிலிருந்த குறும்பைக் கண்டு அவரும் அந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டார். அவள் அறியாமையால் அப்படிச் சொல்லவில்லை. நாய் குரைக்கும், பூனை கத்தும் என்ற உலக நியமத்தைத் திடமாக அறிந்துகொண்ட வெற்றிக் களிப்பினால்தான், அந்த நியமத்தைத் தலைகீழாக்கி ஆனந்தப்பட்டாள். நியமம் தெரியாத குழந்தைக்கு அதில் சிரிக்க எதுவுமே இல்லை. ஆகவே இத்தகைய தலைகீழ்ப் பாட்டுகள் குழந்தையின் உலக ஞானத்தைக் குலைப்பதற்கு மாறாக, அதைப் பரீட்சித்து உறுதி செய்கின்றன என்பது சுகோவ்ஸ்கியின் முடிபு. இம்முடிபை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்; இன்று சொல்லப்போவதெல்லாம் இதன்மேல் எழுப்பியதே.

லியரின் வாழ்க்கையும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 1812-இல் லண்டனில், இருபத்தொரு குழந்தைகள் பிறந்த குடும்பத்தில் இருபதாவது குழந்தையாகப் பிறந்து, தம்மினும் இருபத்தோரு வயது மூத்த தமக்கையால் வளர்க்கப்பட்டு, சிறு பிராயத்திலேயே பற்றிய வலிப்பு நோயை ஆயுள் முழுவதும் பிறரறியாது மறைத்து வாழ்ந்த அவர், பிழைப்புக்காக முதலில் மேற்கொண்ட தொழில் பறவைகளை வரைவது. பதினெட்டாம் வயதில் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் அநுமதி பெற்று, பாடம் செய்து வைத்த உடல்களைப் பார்த்து வரைவதே பெருவழக்காயிருந்த அக்காலத்தில், உயிருள்ள கிளிகளைப் பிடித்து நிறுத்தச் செய்து, சிறகும் காலும் அளந்து வரைந்தார். ஜான் கூல்ட் என்பவர் வெளியிட்ட ஐரோப்பியப் பறவை நூலில் ஆந்தைப் படங்கள் சில இவர் கை வண்ணம். நீல மக்காக் கிளி இனமொன்று இன்றும் இவர் பெயரால் வழங்குகிறது. 1846-இல் விக்டோரியா மகாராணிக்கே சிலகாலம் சித்திரம் கற்பித்தார். 1873-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து, மறு ஆண்டு நம் பக்கத்தில் மாமல்லபுரம், காஞ்சி, திருச்சி, தஞ்சை முதலிய இடங்களையும் சுற்றிப் பார்த்தபோது, வரைந்த தாள்களிலேயே இடமும் தேதியும் குறித்து, எந்தப் பாகத்துக்கு எந்த நிறம் என்று சிறு எழுத்தில் எழுதியும் வைத்தார். ஆந்தையின் இறகு எத்தனை அங்குலம் என்று அளந்தறிந்த கைதான் அந்த ஆந்தையிடம் கித்தாரைக் கொடுத்தது. மெய்யை இவ்வளவு உற்றுப் பார்த்தவர் ஆதலால்தான் அவருடைய பொய் இவ்வளவு தெளிவாக இருக்கிறது.

இந்தப் பாட்டைக் கொண்டு நாம் செய்யும் பயிற்சிகளும் அப்படியே அமைதல் வேண்டும். ஆந்தை படகேறியதா என்று கேட்கவே கூடாது; ஏறிவிட்டது. ஏறிவிட்ட பிறகு என்ன நிகழும், எவ்வளவு பாரம், எத்தனை நாள், எந்த நிலா என்று கேட்க வேண்டும். பாட்டு அளித்த அதிசயத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதற்கு அப்பாலுள்ள அனைத்தையும் நிஜ உலகத்தின் தராசிலும் முழக்கோலிலும் நிறுத்தும்போது, குழந்தை தன்னை அறியாமலேயே மிக ஒழுங்கான சிந்தனைக்குள் புகுந்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னர் பாட்டு காதில் விழ வேண்டும்; இதில் அவசரம் கூடாது. பொருள் சொல்லாமல், படம் காட்டாமல், ஆசிரியர் தாமே நல்ல குரலில் பலமுறை படித்து, ஒவ்வொரு செய்யுளின் முடிவிலும் கடைச் சொற்கள் மீண்டும் மீண்டும் ஒலிக்கும் இடத்தைக் குழந்தைகளே பிடித்துக்கொள்ளும்படி விட்டுவிடலாம். கையைத் தட்டியும் தொடையில் தாளம் போட்டும் படகின் அசைவை அவர்கள் உடம்பிலே உணரட்டும். லியர் பியானோ வாசித்துப் பாடுகிறவர். டென்னிசனின் கவிதைகளுக்கு மெட்டமைத்தவர். இந்தப் பாட்டில் சங்கீதம் உள்ளூர ஓடுகிறது என்பதற்கு வேறு அத்தாட்சியும் உண்டு. இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி என்ற மாபெரும் இசை வித்வான் 1966-இல் தம் எண்பத்து நான்காம் வயதில் எழுதி முடித்த கடைசிச் சொந்தப் படைப்பு, இந்தப் பாட்டுக்கு அவர் அமைத்த இசையே. ருஷ்யரான அவர் மனைவி ஆங்கிலத்தில் முதன்முதல் மனனம் செய்த கவிதை இதுவென்பதால் அவருக்கே அதைச் சமர்ப்பித்தார்.

இனிப் படகுக்கு வருவோம். குழந்தைகளிடம் ஒரு தொட்டி நீரும், காகிதம், மெழுகு, அக்ரோட்டுக் கொட்டையின் பாதி ஓடுகள், சில நாணயங்கள் ஆகியவற்றையும் கொடுத்து, மூழ்காத படகொன்றைச் செய்யச் சொல்லலாம். இது எங்கும் செய்கிற பயிற்சிதான். ஆனால் பாட்டு இதற்கு ஒரு பிரயோஜனத்தைத் தந்துவிடுகிறது. படகில் யார் யார் ஏறுகிறார்கள்? வளர்ந்த பூனை ஏறக்குறைய நான்கு கிலோ. இங்கிலாந்தின் காடுகளில் வாழும் பழுப்பு ஆந்தை அரைக் கிலோவுக்கு மேல் அதிகமில்லை. இந்த இரண்டு எண்களையும் கேட்டவுடனே குழந்தைகள் வியப்படைவார்கள். படங்களில் இருவரும் சம உருவினராக உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லவா? படகு ஒரு பக்கம் சாயுமே, ஆந்தையை எங்கே உட்கார வைப்பது என்று ஒரு குழந்தையேனும் கேட்கும். கேட்கட்டும். ஓர் அளவுகோலை நடுவில் தாங்கவைத்து, ஒரு புறம் எட்டு நாணயங்களும் மறுபுறம் ஒரு நாணயமும் வைத்துச் சமன் செய்ய முயலும்போது, நெம்புகோலின் தத்துவம் ஓர் ஆந்தையின் க்ஷேமத்தை முன்னிட்டு அவர்களுக்குப் புலனாகும்.

அடுத்தது தேன். நாளொன்றுக்கு ஆளுக்கு இருபது கிராம் வீதம் 366 நாட்களுக்கு இருவருக்கும் வேண்டியது 14,640 கிராம். தேன் தண்ணீரைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு கனமாதலால், அது பத்தரை லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் அடங்கும். ஓராண்டில் தேன் கெட்டுப்போகாதா? நீர்ப்பசை குறைவாலும் புளிப்புத் தன்மையாலும் கிருமிகள் அதில் வளர்வதில்லை. நன்கு மூடி வைத்த தேன் கெடுவதில்லை. இங்கே ஆசிரியர் ஓர் உண்மையை மெல்ல எடுத்துவிடலாம்: பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. அதன் நாக்கில் இனிப்பை உணரும் அமைப்பு செயலற்றுப்போய்விட்டதென்று உயிரியலார் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் தேன் யாருக்கு? ஆந்தையும் மாமிச பக்ஷணிதானே? இந்தக் கேள்விக்கு விடை எழுதச் சொன்னால், எழுதவே சோம்பும் பிள்ளைகளும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஆளுக்கொரு விடை வரும். காரணம் சொல்லியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

பணத்தைப் பற்றிய செய்தி இதனினும் சுவையுடையது. லியர் காலத்து ஐந்து பவுன் நோட்டு ஒரு பக்கம் மட்டும் கறுப்பு மையில் அச்சிட்ட வெள்ளைத் தாள்; நீளம் ஏறக்குறைய எட்டு அங்குலம், அகலம் ஏறக்குறைய ஐந்து அங்குலம். 1793 முதல் 1957 வரை இங்கிலாந்து பாங்கு அதே கோலத்தில் அதை வெளியிட்டு வந்தது. ஆகவே பணத்தை ஒரு நோட்டில் பொட்டலமாகக் கட்டுவது லியரின் கற்பனையாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. குழந்தைகள் அந்த அளவில் ஒரு தாளை வெட்டி, எத்தனை நாணயங்களை அதில் கட்ட முடிகிறது என்று பரீட்சித்துப் பார்க்கலாம். தங்கப் பவுன் நாணயம் ஒன்று ஏறக்குறைய எட்டு கிராம். நம் நகைக் கடைகளில் எடைக் கணக்காக நிலைத்துவிட்ட சவரன் அதுவே. பொட்டலத்தில் நூறு பவுன் இருந்தால் எண்ணூறு கிராம், அதாவது ஆந்தையைவிடப் பணமே கனம்! பூனை, ஆந்தை, தேன், பணம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இருபது கிலோ. படகின் சொந்த எடை நீங்கலாகவே, அது இருபது லிட்டர் நீரை விலக்கினால்தான் மிதக்கும். ஆர்க்கிமிடீசின் விதி இவ்வாறு ஒரு வாளியளவாகக் கண்முன் நிற்கிறது.

இதே ஐந்து பவுனைக் கொண்டு பழைய ஆங்கிலக் கணக்கையும் நடத்திவிடலாம். பவுனுக்கு இருபது ஷில்லிங், ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். பன்றிக்குக் கிடைத்தது ஒரு ஷில்லிங். அந்த ஒரே நோட்டைக் கொடுத்திருந்தால் நூறு மோதிரங்கள் கிடைத்திருக்கும், அல்லது பன்றி நான்கு பவுன் பத்தொன்பது ஷில்லிங் சில்லறை தரவேண்டியிருக்கும். காட்டில் நிற்கும் பன்றியிடம் அவ்வளவு சில்லறை ஏது? குழந்தைகள் இதை நாடகமாக நடிக்கத் தொடங்கினால் ஆசிரியர் தடுக்க வேண்டா. பேரம் பேசும் பன்றிக்கும் சில்லறை கேட்கும் பூனைக்கும் இடையே நிகழும் சம்வாதத்தில், பதின்மானக் கணக்கில் வளர்ந்த குழந்தைகள் பன்னிரண்டாலும் இருபதாலும் கணக்கிடும் வேறொரு முறையை வியர்வை சிந்தாமல் கற்றுவிடுவார்கள்.

இப்பயிற்சிகளுக்குள் எனக்கு மிகவும் பிரியமானது நிலாவைப் பற்றியது. பாட்டின் தொடக்கத்தில் ஆந்தை நட்சத்திரங்களைப் பார்க்கிறது; நிலாவைப் பற்றிய பேச்சில்லை. முடிவில் நிலா வெளிச்சத்தில் நடனம். புறப்பட்ட இரவு அமாவாசை என்று வைத்துக்கொண்டு குழந்தைகளைக் கணக்கிடச் சொல்லுங்கள். ஓர் அமாவாசையிலிருந்து மறு அமாவாசைவரை ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். பன்னிரண்டு சுற்றுக்கு 354 நாள். பிரயாணம் 365-உம் ஒன்றுமாக 366 நாள். விவாகம் மறுநாள், அதாவது 367-ஆம் நாள். 367-இலிருந்து 354-ஐக் கழித்தால் பதின்மூன்று. திருமண நாளன்று, அமாவாசை கழிந்து பதின்மூன்றாம் நாள். நம் பஞ்சாங்க வழக்கில் வளர்பிறைத் திரயோதசி! பூர்ணிமைக்கு இரண்டே நாள் பாக்கி. சூரியன் சாய்வதற்கு முன்பே கீழ்வானில் எழுந்து, இரவின் பெரும்பகுதி நேரம் கடற்கரையில் பிரகாசிக்கும் நிலா. நட்சத்திரங்கள் நிறைந்த இருட்டில் புறப்பட்டவர்கள் ஓராண்டும் ஒரு நாளும் கழித்து மணந்தால், அவர்கள் நடனமாட ஏறக்குறைய முழுநிலா வந்தே தீரும். லியர் இதைக் கணித்து எழுதினார் என்று நான் வாதாடமாட்டேன். ஓராண்டும் ஒரு நாளும் என்பது ஆங்கிலேயரின் பழைய சட்டங்களிலும் கதைகளிலும் வழங்கிய ஒரு தவணை. ஆயினும், இந்த விடையைத் தாமே கணக்கிட்டுக் கண்ட குழந்தைகளின் முகத்தில் தோன்றும் பிரகாசத்தை அருகிலிருந்து பார்க்கும் ஆசிரியர் பாக்கியவான். இக்கணக்குக்கு முன்னதாக ஒரு மாதம், ஒவ்வொரு நாளும் நிலாவைப் பார்த்துக் கறுப்புத் தாளில் வெள்ளைச் சுண்ணத்தால் வரைந்து, பார்த்த நேரத்தையும் குறித்துவரச் செய்தல் வேண்டும். மேகம் மறைத்த நாட்களில் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட வேண்டும். காணாததைக் கண்டதாக வரைவது கூடாதென்ற ஒழுக்கம் விஞ்ஞானத்தின் முதற்பாடம் அன்றோ?

ஆந்தையைப் பற்றிய ஒரு பயிற்சி இங்கிலாந்தின் பள்ளிகளில் மிகப் பரவலாக உண்டு. ஆந்தை தன் இரையை அப்படியே விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டைகளைச் சேகரித்து, சுத்திசெய்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் குறடுகளால் பிரித்தால், காட்டெலி, மூஞ்சூறு முதலியவற்றின் தாடைகளும் மண்டையோடுகளும் விலா எலும்புகளும் முழுசாக வெளிப்படும். அவற்றைக் கறுப்பு அட்டையில் வகைப்படுத்தி ஒட்டிவைத்த பிறகு, பாட்டின் மாப்பிள்ளை நிஜ வாழ்வில் யாரென்று குழந்தைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் பாட்டின் இனிமை குன்றுகிறதா? குன்றவில்லை. எலியை விழுங்கும் பறவையும் எலியைப் பிடிக்கும் விலங்கும், இருவருமே இருளில் வேட்டையாடுபவர்கள், ஒரே இரைக்குப் போட்டியிடுபவர்கள், இங்கே தேனோடு புறப்பட்டு நிலவில் நடனமாடுகிறார்கள் என்பதை அறியும்போது, அந்தச் சிநேகத்தின் அருமை பன்மடங்காகத் தெரிகிறது.

லியரின் அபத்தத்திலிருந்து விஞ்ஞானப் பாடம் எடுக்கலாம் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பன்று. அவருடைய அதே நூலில், ஜம்ப்ளிகள் என்ற விசித்திர ஜனங்கள் சல்லடையில் ஏறிக் கடற்பிரயாணம் போகும் பாட்டொன்று உண்டு. சல்லடையில் கடல் கடப்பதைவிட அசம்பாவிதமான காரியம் வேறென்ன? 1889 டிசம்பர் 30-லும் 1890 ஜனவரி முதல் வாரத்திலுமாக, லியர் மறைந்து இரண்டாண்டுகூட நிறையாத வேளையில், சி. வி. பாய்ஸ் என்ற பௌதிக சாஸ்திரி லண்டன் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர் சிறுமியருக்காக சோப்புக் குமிழிகளைப் பற்றி மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். கம்பி வலையாலான ஒரு சிறு சல்லடையை அவர் எடுத்தார். குண்டூசி நுழையும்படியான துவாரங்கள், ஏறக்குறைய பதினோராயிரம். உருகிய மெழுகில் அதை முக்கி, துவாரங்கள் அடைபடாதபடி உதறினார். ஒரு காகிதத்தை இட்டு, அதன்மேல் மெல்ல நீரை ஊற்றி, பிறகு காகிதத்தை எடுத்துவிட்டார். நீர் ஒழுகவில்லை! மெழுகு நீரை ஒட்டவிடாததால், ஒவ்வொரு துவாரத்திலும் நீரின் மேற்பரப்பு இறுகிய தோல்போல நின்று தாங்கியது. ஒரு தட்டுத் தட்டியதும் கீழே கொட்டியது. அதே சல்லடையை நீரில் விட்டார், மிதந்தது. லியரின் பாட்டைச் சபையில் எடுத்துச் சொல்லி, சல்லடையில் கடலேறுவது முடியாத காரியமன்று என்று பாய்ஸ் நிரூபித்தபோது, அந்தக் குழந்தைகள் அடைந்திருக்கக்கூடிய ஆனந்தத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இந்தச் சோதனையை எந்தப் பள்ளியிலும் செய்யலாம். கம்பிச் சல்லடை, மெழுகு, காகிதம், நீர் இந்நான்கே போதும். மெழுகை உருக்கும் வேலையை மட்டும் பெரியவர்கள் செய்ய வேண்டும்.

பாங் மரத்துக்கு வருகிறேன். அப்படியொரு மரம் உலகில் இல்லை. லியர் இந்தப் பாட்டோடு நிற்காமல், லத்தீன் மொழிபோல ஒலிக்கும் பெயர்களைச் சூட்டி, இல்லாத தாவரங்களின் படங்களை ஒரு தாவர சாஸ்திரி வரையும் சிரத்தையோடு வரைந்து, அபத்தத் தாவரவியல் என்ற ஒரு பகுதியையே வெளியிட்டார். அவற்றில் ஒன்றின் காம்பிலிருந்து மலர்களுக்குப் பதிலாகச் சிறு மனிதர்கள் தலைகீழாகத் தொங்குகிறார்கள். குழந்தைகளிடம் உடனே ஒரு கற்பனை மரத்தை வரையுங்கள் என்றால், எல்லோரும் ஒரே மாதிரியாகத் தண்டும் பந்துபோன்ற இலைக் கூட்டமும் வரைந்து தருவார்கள். அதனால் முதலில் நிஜமான ஒரு செடியை எதிரே வைத்து, லியர் செய்ததுபோல் தாளில் இடமும் தேதியும் எழுதி, இலை எதிரெதிராக அமைந்ததா, மாறி மாறி அமைந்ததா, நரம்பு எப்படி ஓடுகிறது, எந்தப் பாகத்தில் எந்த நிறம் என்றெல்லாம் குறித்து வரைய வேண்டும். இரண்டொரு நாள் அவ்வாறு வரைந்த பிறகு பாங் மரத்தை வரையட்டும். கற்பனாசக்திக்கு எதிரி உண்மையன்று. பார்க்காமலே பழகிப்போன பழக்கமே எதிரி. விருந்தில் வரும் ரன்சிபிள் கரண்டிக்கும் இதே வழி. அதன் உருவத்தை லியர் பாட்டில் விவரிக்கவில்லை. தாமே கண்டெடுத்த அந்த அடைமொழியை அவர் வேறிடங்களில் தொப்பிக்கும் பூனைக்கும் கூடச் சூட்டியிருக்கிறார். குவின்ஸ் பழம் பச்சையில் கடினமும் துவர்ப்புமாக இருந்து, மெதுவாக வேகவைத்தால் இளஞ்சிவப்பாகக் குழைவது. அத்தகைய பழத்தை உண்ண ஏற்ற கரண்டிக்கு எத்தனை பல், எவ்வளவு குழி, பிடி எத்தனை நீளம் என்று குழந்தைகள் வரைந்து அளவும் எழுதித் தரட்டும்; களிமண்ணிலோ அட்டையிலோ செய்தும் காட்டட்டும்.

எழுத்துப் பயிற்சிக்குப் பன்றியே தலையாய விஷயம். யாரது? எங்கிருந்து வந்தது? காட்டில் தனியே நிற்பானேன்? மூக்கில் வளையம் போட்டவர் யார்? இந்தக் கேள்விகள் பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரையும் விடவில்லை. முயல், அணில் கதைகளால் உலகப் புகழ் பெற்ற அவர், 1930-இல் வெளியிட்ட ராபின்சன் என்ற சிறு பன்றியின் கதையில், சந்தைக்கு அனுப்பப்பட்ட அந்தப் பன்றி கப்பலில் அகப்பட்டு, தப்பி, பாங் மரம் வளரும் தீவை அடைந்த வரலாற்றை முழுவதும் சொல்லிவிட்டார். குழந்தைகள் தங்கள் கதையை எழுதி முடித்த பிறகே ஆசிரியர் இந்தக் கதையைப் படித்துக் காட்ட வேண்டும். முன்னரே காட்டினால் எல்லாப் பன்றிகளும் கப்பலேறிவிடும். தங்கள் பன்றியும் பெரிய எழுத்தாளர் ஒருவரின் பன்றியும் ஒரே வினாவிலிருந்து பிறந்தவை என்று கண்ட குழந்தை, இலக்கியத்தைத் தொலைவிலிருந்து வணங்கும் பொருளாக எண்ணாமல், தானும் பங்குகொள்ளும் தொழிலாக எண்ணத் தொடங்குகிறது.

செய்யக்கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாட்டின் கருத்து யாது, இதிலிருந்து நாம் அறியும் நீதி யாது என்ற இரண்டு கேள்விகளையும் தயவுசெய்து கேட்காதீர்கள். குழந்தை மிக நல்லது. ஆசிரியர் எதை விரும்புகிறார் என்று முகம் பார்த்தறிந்து, வேற்றுமை பாராட்டாது வாழவேண்டும் என்றோ, பிரயாணத்துக்குப் பணம் எடுத்துச் செல்லவேண்டும் என்றோ எழுதிக் கொடுத்துவிடும். எழுதிக் கொடுத்த கணத்திலிருந்து அந்தப் பாட்டு அதற்கு ஒரு பாடமாகிவிடும். பிறகு வாழ்நாளில் ஒருமுறையும் அதைத் தானாக முணுமுணுக்காது. அதேபோல், இப்பயிற்சிகளை ஒரே வாரத்தில் செய்து முடித்துவிடவும் முயலாதீர்கள். படகு ஒரு மாதமும் நிலா ஒரு மாதமும் பிடிக்கட்டும். எல்லாக் குழந்தைகளும் எல்லாவற்றையும் செய்யவேண்டும் என்ற கட்டாயமும் வேண்டா. தேன் கணக்கில் மூழ்கிப்போன சிறுவனைப் பிடித்திழுத்துக் கரண்டி வரையச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. பரிசோதக அதிகாரி வந்து இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்தில் வருகிறது என்று வினவினால், 367-இலிருந்து 354-ஐக் கழித்த தாளையும், எலும்பு ஒட்டிய அட்டையையும், நிலாப் படங்களையும் அவர் முன் வைத்துவிடுங்கள். கணிதமும் இயற்கைப் பாடமும் அவற்றில் எங்கே இருக்கின்றன என்று அவருக்குச் சுட்டிக்காட்ட வேண்டிய தேவை இராது.

கடைசியாக ஒன்று. ஆந்தைக்கும் பூனைக்கும் பிறந்த குழந்தைகளைப் பற்றி லியரே இன்னொரு பாட்டு எழுதத் தொடங்கினார். அதில் ஆண் பிள்ளைகளுக்கு இறகு, பெண் பிள்ளைகளுக்கு ரோமமும் வாலும்; தாய்ப் பூனை இத்தாலியின் தென்கோடியில் ஒரு மரத்திலிருந்து விழுந்து இறந்துபோகிறாள்; தந்தை ஆந்தை தனியே பிள்ளைகளை வளர்க்கிறார். அப்பாட்டை லியர் முடிக்கவில்லை. 1888-இல் சான் ரெமோ நகரில் அவர் காலமான பிறகு, ஐம்பது ஆண்டுகள் கழித்து 1938-இல்தான் அது அச்சில் வந்தது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம் இந்தச் செய்தியைச் சொல்லி, மீதியை எழுதச் சொல்லலாம். சோகம் வந்தால் வரட்டும், அஞ்ச வேண்டா. தாயை இழந்த வீட்டை அறிந்த பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும், அது எழுதுவதை வேறு யாரும் எழுத முடியாது. அப்படி எழுதி வந்தவற்றைச் சிவப்பு மையால் தொடுவதற்கு முன், ஆசிரியர் ஒவ்வொன்றையும் எழுதிய பிள்ளையின் சம்மதம் பெற்று, வகுப்பின் முன் நின்று, லியரின் பாட்டைப் படித்த அதே குரலில் படித்துக் காட்ட வேண்டும். எழுத்துப் பிழைகளை மறுநாள் திருத்திக்கொள்ளலாம்.